கோயில் மயிலைக் கொண்டுபோனவர்

மலேசியாவில், கோலசிலாங்கூரில் எங்கள் தோட்டத்துக் கோயில் மயிலைப் பிடிக்க வந்த வனவிலங்கு இலாகா அதிகாரியின் பெயரை நான் கேட்கவில்லை. குட்டையான ஆள். தொப்பியைக் கழற்றியபோதுதான் நெற்றி நிறையத் திருநீறு தெரிந்தது. கோயிலுக்குப் பின்னால் மயிலை நெருங்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் அதனிடம் "பயப்படாத, பயப்படாத" என்று முணுமுணுத்தார்.

"சார், முருகனோட வண்டியையே டோ பண்றீங்களா?" என்றேன்.

"லைசென்ஸ் இல்லன்னா யார் வண்டியா இருந்தாலும் தூக்கிருவோம் லா, தம்பி. இந்த மாதிரி பச்ச மயிலு நம்ம காட்டுல இப்ப இல்லவே இல்ல. சட்டம் சும்மா விடுமா?"

மயிலை வாங்கி வந்தவர் என் பெரியப்பா, கோயில் தலைவர். அவருக்குக் கோபம் பொங்கியது. "சாமிக்கு விட்டதுய்யா! தைப்பூசம் வேற வருது. கொண்டு போனீங்கன்னா கோயிலுக்கு ஆகாது!"

அதிகாரி கையில் பிடித்திருந்த மயிலின் இறக்கையை மெல்ல விரித்துக் காட்டினார். அது பறந்துவிடக் கூடாதென்று பெரியப்பா இறகுகளைக் கத்தரித்து வைத்திருந்தார்.

"பறக்க முடியாத மயில்ல ஏறி சாமி எங்கண்ணே போவாரு?"

பெரியப்பா கூண்டுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

மயிலைக் கூண்டில் ஏற்றிய பிறகு அதிகாரி காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சன்னதி முன்னால் கைகூப்பி ரொம்ப நேரம் நின்றார். முருகனிடம் மன்னிப்புக் கேட்டாரா, எங்கள்மேல் புகார் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.