அட்டையில்லாத மாத்திரை

எங்கள் ஷூ கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. மாத்திரையை அட்டையோடு தரவே மாட்டார். பிரித்து நம் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

பசை ஒட்டும் பிரிவில் எனக்குத் தலைவலி வராத நாளே இல்லை. அவர் தரும் வெள்ளை மாத்திரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வேலைக்குத் திரும்பிவிடுவேன். என் வயிற்றுப்புண்ணும் அவருக்குத் தெரியும். மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போதே கேட்பார்: "அல்சர் கேப்சூல் போட்டியா கண்ணு? வெறும் வயித்துல போடணும்."

மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் புண் ஆறவில்லை. கடைசியில் வேலூர் டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா? அதை நிறுத்தாம எந்த மருந்தும் கேக்காது."

அக்கா தருவது என்ன மாத்திரை என்று கேட்கத்தான் மறுநாள் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவலியாக்கா? அந்த வெள்ளை மாத்திரை போட்டுக்கலையா?"

"அய்யோ, அது வலி மாத்திரைம்மா. எனக்கு அல்சர் இருக்குதில்ல, புண்ணு ஜாஸ்தியாய்டும்."

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். எதிரே நிற்பது நான் என்று பார்த்தார். தைல டப்பாவை மெதுவாக மூடினார்.

அடுத்த நாள் காலையும் பஸ் அருகே நின்று, "கேப்சூல் போட்டியா கண்ணு?" என்றார். அந்தக் குரலில் பொய் இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.