முதல் அசை

கிருண்டி மொழியில் நான் கற்ற முதல் வினைச்சொல் சாப்பிடுவது பற்றியது. இரண்டாவது சாவது பற்றியது. இரண்டையும் கற்பித்தவன் எதிர்வீட்டு மாமியின் மகன்.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவர்களுடையது. தாயும் மகனும் மட்டும் புருண்டியிலிருந்து வந்திருந்தார்கள். தந்தை ஊரில் இருப்பதாகக் கேள்வி. தாயை மாமி என்று கூப்பிடும்படி அம்மா சொல்லியிருந்தார். நாளடைவில் அதுவே தன் பெயர் என்பதுபோல மாமியும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் அவர் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யப் போவார். மகன் எங்கள் வீட்டில் இருப்பான். அவன் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. இருவரும் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் புட்டுச் சாப்பிட்டுவிட்டு, 'நரரியே' என்றேன். நான் சாப்பிட்டேன் என்று பொருள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எப்ப சாப்பிட்டனீ, போன வருசமோ? கோப்பையில இன்னும் ஆவி பறக்குது!"

சொல்லில் பிழை இல்லை, குரலில்தான் பிழை. முதல் அசையில் குரல் எழும்பினால், நடந்தது நேற்றோ அதற்கு முன்போ. முதல் அசை தாழ்ந்து, குரல் பின்னால் எழும்பினால் இன்று. எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். கிருண்டி உட்படப் பான்டு மொழிகள் பலவற்றில் வினையின் காலத்தைக் குரலின் ஏற்ற இறக்கம் தீர்மானிக்கிறது என்று பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அது எனக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை.

இரண்டாவது சொல்லைக் கரப்பான்பூச்சிகளை வைத்துப் படித்தோம். கட்டடத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. செருப்பால் அடித்துக் கொன்றதைப் பார்த்து, குரலைப் பின்னால் உயர்த்தி, 'யரப்ஃபூயே' என்பான்: இன்று செத்தது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடப்பதற்கு அதே சொல், ஆனால் முதல் அசை உயரும்: எப்போதோ செத்தது. பூச்சியைப் பார்த்த உடனேயே நான் சரியான குரலில் சொல்லவேண்டும். விரைவில் தேறிவிட்டேன். பிறர் குரலை அப்படியே திருப்பிச் சொல்வதில் எனக்கு ஒரு திறமை இருந்தது. வீட்டுக்கு வருபவர்களிடம் அம்மா அதைச் சொல்லிக்காட்டுவதும் உண்டு.

மாமியின் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. ஆனாலும் ஊரிலிருந்து அழைப்பவர்களுக்கு எங்கள் இலக்கத்தையே கொடுத்திருந்தார். எங்கள் இணைப்பு தெளிவானது என்பது அவர் சொன்ன காரணம். கணவரோடு அவர் ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசிவருவார். அப்பா உன்னைக் கேட்டார், கணக்கில் கவனமாக இருக்கச் சொன்னார் என்று மகனிடம் சொல்வார். தானும் கடைக்கு வருவதாக அவன் அடம்பிடித்தால், அடுத்த முறை என்பார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா அவனைப் பால் வாங்கக் கீழே இருந்த தெப்பனர் கடைக்கு அனுப்பியிருந்தார். தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் கிருண்டியில் மாமியைக் கேட்டார். இல்லை என்றேன். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கடப்பவரின் வேகத்தில் அவர் நீளமாக எதையோ சொன்னார். எனக்குப் பிடிபட்டவை இரண்டுதான்: அவன் தந்தையின் பெயர், அதன் பின்னால் வந்த அந்த வினைச்சொல். பிறகு இணைப்பு அறுந்தது.

சற்று நேரத்தில் மாமியும் மகனும் ஒன்றாகவே வந்தார்கள். வாசலில் சந்தித்திருக்கிறார்கள். அவன் கையில் பால் பை இருந்தது. சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல் நான் ஓடிப்போய், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். பெயர், பிறகு முதல் அசை உயர்ந்த 'யரப்ஃபூயே'. இவ்வளவு சுத்தமாக நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தான்.

"அப்பா போன கிழமையும் கதைச்சவர்தானே?" என்றான். "நீங்கள்தானே சொன்னீங்கள்?"

மாமி என் முன்னால் குந்தி, என் நாடியை நிமிர்த்திப் பிடித்தார். விரல்களில் துப்புரவு மருந்தின் மணம்.

"அப்படி இல்லை, பிள்ளை. உனக்கு இன்னும் சரியா வருகுதில்லை. இப்படித்தானே அவ சொன்னவ?" என்று அதே சொல்லைச் சொன்னார். முதல் அசை தாழ்ந்து, பின்னால் உயர்ந்தது. "சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "ஓம், அதுதான்" என்றார், ஆசிரியைகள் சொல்வதுபோல.

பால் பை கீழே விழுந்தது. அதன் பிறகுதான் அவன் அழுதான்.

சமையலறையிலிருந்து வந்த அம்மாவிடம், "நான் சரியாத்தான் சொன்னனான். மாமிதான் மாத்தினவ" என்று தமிழில் முறையிட்டேன்.

"வாயை மூடு" என்றார் அம்மா. அப்படிப்பட்ட குரலில் அவர் அதற்குமுன் என்னுடன் பேசியதில்லை.

அவன் தந்தை, வீதியில் மறிக்கப்பட்ட ஒரு பேருந்திலிருந்து இறக்கிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். தாயும் மகனும் மொன்ட்ரியாலில் வந்திறங்கிய முதல் குளிர்காலத்திலேயே அது நடந்துவிட்டது. நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா இதைச் சொன்னார்.

"பெடியன் அப்ப சாப்பாடும் இல்லாமல் கிடந்தவன். கொஞ்சம் தேறட்டும், பேந்து சொல்லுவம் எண்டு அவ நினைச்சவ. பேந்து எப்படிச் சொல்லுறது? என்னட்டையும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டவ."

அந்த அழைப்பு வந்த அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலின் கீழ்த்தளத்தில் செபம் நடந்தது. புருண்டிக்காரர்களும் எங்கள் ஆட்களும் மடக்குக் கதிரைகளில் கலந்து இருந்தார்கள். மாமி கறுப்பு உடுத்தி முன்வரிசையில் இருந்தார். வந்தவர்கள் கையைப் பற்றும்போதெல்லாம் அவன், இறப்பதற்கு முந்திய ஞாயிறு அப்பா தனக்குச் சொல்லிவிட்டதை ஒப்புவித்தான்: கணக்கில் கவனம், தொப்பி போடாமல் வெளியே போகாதே, அம்மாவோடு கோபிக்காதே. எங்காவது தடுமாறினால் மாமி எடுத்துக்கொடுத்தார். எல்லாருக்கும் அதே சொற்கள், அதே ஒழுங்கில்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சரியாகச் சொன்னதற்காக அதுவரை யாரும் என்னைத் திருத்தியதில்லை. ஆனாலும் பின்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் இருந்தபடி மாமியைப் பார்த்து வியந்தேன். கணவர் தொலைபேசியில் சொன்னதை இவர் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.