மூக்கக்காவும் சீட்டு உரிந்த இரண்டு பாத்திரங்களும்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு மூக்கக்கா என்றுதான் பெயர். மீன் தலையும் எலும்பும் போட்டுச் சாறு காய்ச்சுவது அவள் வேலை. நோயாளிகளுக்குப் போகிற சூப்புக்கு அதுதான் அடி. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும், இது நாளைக்குத் தாங்கும், இது தாங்காது என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருஷத்தில் ஒரு தடவை தப்பியிருக்குமா? ஜோசியம் தோற்றது போங்கள்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் பால் கருகிப் புகை கண்ணை எரித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. மகள் பெற்ற குழந்தையைத் தூக்கி உச்சி மோந்தாள். சுவரை மோந்த மாதிரி இருந்தது. அழுகையாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. அன்றிலிருந்து மனசும் மரத்துப்போய்க் கிடந்தது.

வேலையிடத்தில் வாயே திறக்கவில்லை. மூக்கில்லாத மூக்கக்காவை எவன் வைத்துக்கொள்வான்? அரை மணி கொதித்ததும் இறக்கி வடிகட்டுவாள். அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, சட்டென்று ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றுவாள். தேதிச் சீட்டைப் பார்த்து, இரண்டு நாள் தாண்டினால் கொட்டிவிடுவாள். அதற்கு முன் நாலு பேர் பார்க்க மோந்து தலையாட்டுவது வெறும் நாடகம்.

அந்தச் சீட்டுதான் காலை வாரிவிட்டது. முன்பெல்லாம் சாறு ஆறி, பாத்திரத்தைத் துடைத்த பிறகுதான் ஒட்டுவாள். இப்போது மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஊற்றின கையோடு ஒட்டினாள். அவள் இரண்டு நாள் லீவில் இருந்தபோது, அவள் செய்வதைப் பார்த்துப் பழகிய சமையல் மாஸ்டரும் அப்படியே ஒட்டியிருக்கிறார். திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் இரண்டு பாத்திரம். ஐஸ் தண்ணீரில் பசை ஊறி, இரண்டிலும் சீட்டு உரிந்துபோயிருந்தது. ஒன்று மாஸ்டர் நேற்றுக் காய்ச்சியது. இன்னொன்று லீவுக்கு முன் அவளே காய்ச்சியது, நாலு நாள் பழசு. எது எது என்றுதான் தெரியவில்லை. மூக்கக்கா வந்து மோந்து சொல்லட்டும் என்று யாரும் பழசைக் கொட்டவில்லை.

எதை அடுப்பில் ஏற்றலாம் என்று மாஸ்டர் கேட்டார். இரண்டும் ஒரே கலங்கல். மேலே நாற்பது நோயாளிகள் சூப்புக்குக் காத்திருந்தார்கள். ஒன்றைக் கைகாட்டிவிட்டால் வேலை தப்பிக்கும். அவளுக்குப் பயம்கூட வரவில்லை. நாற்பது பேர் உயிர் தன் கையில் இருந்தும் பயம் வரவில்லையே என்பதுதான் அவளை நிறுத்தியது.

"ரெண்டையும் கொட்டிடுங்க மாஸ்டர். எனக்கு வாசனையே தெரியாது. ஏழு மாசமாச்சு."

மாஸ்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தானே குனிந்து மோந்தார். இரண்டாவது பாத்திரத்தில் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். கொதிக்கவைத்தால் சரியாகிவிடாதா என்று யாரோ கேட்டதற்கு, கெட்டது கெட்டதுதான் என்றார். சீட்டில்லாததை நம்ப முடியாது என்று மற்றதையும் சேர்த்துக் கொட்டினார். அன்றைக்குக் காய்கறி சூப்தான். நாளையிலிருந்து அவள் காய் நறுக்கப் போகலாம், சாறு வேறு ஆள் பார்க்கட்டும் என்றார். சரி என்றாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் போய் நின்றாள்.

"அந்தக் கெட்டது எப்படி நாறுச்சு மாஸ்டர்?"

அவர் யோசித்தார். "புளிச்ச நாத்தம்க்கா. ஈரத்துணிய நாலு நாள் மூடி வெச்ச மாதிரி."

அவள் தலையாட்டினாள். ஈரத்துணி எப்படி நாறும் என்பதும் அவளுக்கு மறந்துபோயிருந்தது.