ஆறட்டும் எஞ்சின்

பிரசவ வார்டு நர்ஸ் பழைய கார் ஒன்று வாங்கப் போனாள். துணைக்குத் தம்பியைக் கூட்டிப்போனதுதான் தப்பு. கடைக்காரர் எஞ்சின், மைலேஜ் எல்லாவற்றையும், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அந்தத் தம்பியிடமே விளக்கினார். அவளிடம், "மேடம், இந்தக் கண்ணாடியில மேக்கப் சரிபண்ணிக்கலாம்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானட்டில் உள்ளங்கையை வைத்தாள், சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஏன் ஸ்டார்ட் பண்ணி வச்சீங்க? ஆறின எஞ்சின்லதான் கோளாறு தெரியும். ஆறட்டும், உட்கார்ந்திருக்கேன்."

வார்டில் காத்திருந்தே பழகியவள், நாற்காலியை விட்டு அசையவில்லை. எஞ்சின் ஆறியதும் அவளே சாவியைத் திருகினாள். வண்டி இருமி இருமிக் கரும்புகையைக் கக்கியது.

கடைக்காரர் அசடு வழியத் தம்பியின் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு வேற வண்டி காட்டட்டுமா?"