வெர்னாவின் சமையலறை

ஓஹாயோவில் எங்கள் ஊர் டயர் ஆலையில் வெர்னா ஸ்லிவ்காவும் நானும் ஒரே வரிசையில் வேலை பார்த்தோம். பெற்ற தாயின் அடக்க ஆராதனையின்போது, தேவாலயத்தில் மேல்கோட்டு மாட்டும் அறையில் குடிபோதையில் தூங்கிக் கிடந்தவள் அவள். அது 1947. இரண்டு வாரம் கழித்து, அதே தேவாலயத்தின் நிலவறையில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

கூட்டத்தை நடத்திய ஆர்வில் வாசலிலேயே மறித்தார்.

"வீட்டுக்காரிங்க எல்லாம் அந்தப் பக்கம் காப்பி போடறாங்கம்மா. நீங்க யாரோட சம்சாரம்?"

"யாரோட சம்சாரமாவும் வரல. நான்தான் குடிகாரி."

"பொம்பள உக்காந்தா ஆம்பளைங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. நீங்க கர்த்தர்கிட்ட பேசுங்க."

"அவர்கிட்ட போக விடாமத்தானே நீங்க வாசல்ல நிக்கிறீங்க? தள்ளுங்க."

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. வாராவாரம் போனாள். ஆனால் குடியை விட அவர்கள் வகுத்திருந்த பன்னிரண்டு படிகளில் முதல் படியிலேயே அவள் நின்றுவிட்டாள். குடியிடம் தோற்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"அப்பனுக்குப் பணிஞ்சேன், புருஷனுக்குப் பணிஞ்சேன், மேஸ்திரிக்குப் பணிஞ்சேன். இங்கயும் தோத்தேன்னு சொல்லணுமா? முடியாது!" என்று கத்தினாள்.

"எல்லாரையும் எதிர்த்துப் பேசறீங்க. பாட்டிலை ஒரு தடவையாவது எதிர்த்திருக்கீங்களா?" என்றார் ஆர்வில்.

அந்த மனிதரை அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனாலும் மறுவாரம் எழுந்து நின்று சொன்னாள். மூன்றாம் மாதம் மறுபடி குடித்தாள். மறுநாளே போய் அதையும் சொன்னாள்.

அதன்பின் சனிக்கிழமை காலைகளில் தன் சமையலறையில் பெண்களைக் கூட்டினாள். முதலில் போனவள் நான். மாவு டப்பாவுக்குள் விஸ்கி ஒளித்து வைத்த கதையை அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன்.

"கடவுள் பேச்சு மட்டும் வேணாம் வெர்னா. எனக்கு ஆகாது."

"பெல்ட்டக் கையில வச்சிட்டு நிப்பாரே எங்கப்பா, அந்த மாதிரிக் கடவுள் எனக்கும் வேணாம்டி. பெல்ட் இல்லாத ஒருத்தர் இருக்காரான்னு தேடிப் பாரு. அதுவரைக்கும் என்னப் புடிச்சுக்கோ."

ஒன்பதாம் படி, நம் குடியால் தீங்கு அடைந்தவர்களிடம் நேரில் போய்த் தவறை ஒப்புக்கொள்வது. வெர்னா தன் தங்கை இர்மா வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். இர்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அம்மாவ அடக்கம் பண்றப்ப எங்கடி இருந்த? சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்கச் சொல்லி வரலடி. செஞ்சது நான்தான்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வந்தேன்."

கதவு மூடியது. திரும்பும் வழியில் இரண்டு மதுக்கடைகள் இருந்தன. வெர்னா இரண்டையும் பார்த்தாள். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த வசந்தத்தில், வெர்னா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து நின்றார்.

"தெருவே பேசுதும்மா."

"என்ன பேசுது?"

"குடிகாரிங்க கூடற வீடுன்னு."

"சரியாத்தான் பேசுது. சனிக்கிழமை பத்து மணின்னு அதையும் சேத்துப் பேசச் சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பாதியில் எழுந்து போய்விட்டாள். மற்றவள் கடைசிவரை இருந்தாள்.