நீலப் பீப்பாவுக்கு என்ன முன்னுரிமை?

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு நன்றாக நடந்தால் பூரணிக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் கொழும்புக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கொழும்பை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். ஊர் எது என்று கேட்டு, பதில் வந்ததும் “ஓ, தோட்டமா?” என்று குரலை இறக்கும் மனிதர்களோடு இன்னொரு முறை ஒரே அறையில் தங்க அவளுக்கு விருப்பமில்லை.

பேராதனையில் கணினி படித்தவள். இப்போது மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தான் பிறந்த ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்தபடி, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போகத் தயாராகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணினி அறிவியல் கற்பிக்கிறாள். நைரோபியில் அகின்யி, ஹனோயில் மின், கஸகஸ்தானில் இன்னும் சிலர். திரையில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தக அலுமாரி தெரியும். அது படம். நிஜப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில், கரையான் எட்டாத தகரப் பெட்டியில் இருந்தன. தகரக் கூரையும் புகை படிந்த சுவரும் மாணவர்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்று நிறுவனம் அந்தப் படத்தை அனுப்பியிருந்தது. அந்தக் கூரையின் கீழ் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்வது யாருடைய நம்பிக்கையையும் குலைத்ததாகத் தெரியவில்லை.

அன்று நாலு மணி வகுப்பைப் பார்வையிட ஹெலன் என்ற லண்டன் மேலாளர் இணையத்தில் வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்த நேரம் ராகு காலம், நாலரைக்குத் தள்ளிவைக்கச் சொல்லக் கூடாதா என்று அம்மா மீனம்மா காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். லண்டன் நாட்காட்டியில் ராகுவுக்குக் கட்டம் இல்லை என்றாள் பூரணி.

வகுப்பு தொடங்கிச் சற்று நேரத்தில் மின்சாரம் போனது. அம்மா சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். கம்பிமேல் விழுந்தது ராகு அல்ல, சவுக்கு மரக்கிளை. வெட்டச் சொல்லி லயத்து ஆட்கள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே கிளை. கிரகங்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், கிளையை வெட்டாதவர்களுக்கு நிம்மதி.

கைப்பேசியில் வகுப்பைத் தொடரலாம். ஆனால் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது லயத்துக் கோடியில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில்தான். பூரணி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். புத்தக அலுமாரி காம்பராவிலேயே நின்றுவிட்டது.

அன்றைய பாடம் வரிசை. முதலில் வந்தது முதலில் வெளியேறும். கணினி தன் வேலைகளை அப்படித்தான் அடுக்கி வைக்கும். விமான நிலையத்தை உதாரணம் காட்டச் சொல்லியிருந்தது நிறுவனத்தின் கையேடு. பூரணி விமானம் ஏறியதில்லை. எதிரே வாளிகளும் குடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேமராவைத் திருப்பினாள்.

ஆட்கள் எங்கே என்று மின் கேட்டான். கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள், அதுவரை வாளிதான் ஆள் என்றாள் பூரணி. ஆள் இல்லாமல் வரிசையா, பின்னால் இருப்பவர் தள்ளிவைத்துவிட மாட்டாரா என்று அவனுக்குச் சந்தேகம். அதற்கென்று காளியாயி இருந்தாள். வேலையிலிருந்து நின்ற பிறகு பீலியடிதான் அவள் ராச்சியம். பேச்சு தன்னைப் பற்றியது என்று புரிந்ததும் அவள் கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நடுவில் இருந்த ஒரு வாளியை எடுத்து முன்னால் வைத்தாள். இது விதிமீறல் இல்லையா என்று கேட்டாள் அகின்யி. அது பிள்ளை பெற்ற அனோஜா வீட்டு வாளி. பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இழவு விழுந்த வீட்டுக்கும் முதல் தண்ணீர் என்று விளக்கினாள் பூரணி. காரணம் இல்லாமல் கணினியும் எதையும் முன்னால் விடாது என்றாள்.

பாடத்திட்டப்படி முன்னுரிமை வரிசை அடுத்த வாரம்தான். தலைவர் வடிவேல் பாடத்திட்டம் படித்தவர் அல்ல. கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, தன் நீலப் பீப்பாவை உருட்டிவந்து எல்லா வாளிக்கும் முன்னால் நிறுத்தினார். தினமும் நடப்பதுதான். அது நிறைய அரை மணி நேரம் ஆகும். தோட்டத்தில் யாருக்கு எது நடக்க வேண்டுமென்றாலும் தொழிற்சங்கத் தலைவரான அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

அகின்யி கேட்டாள்: அந்தப் பீப்பாவுக்கு என்ன முன்னுரிமை?

ஹெலனின் சிறிய சதுரம் திரையின் மூலையில் அசையாமல் இருந்தது. பேச்சை மாற்றினால் பாடம் அங்கேயே செத்துவிடும். கேட்டால் லயம் பற்றிக்கொள்ளும். அம்மா தூரத்திலிருந்தே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“தலைவரே, உங்க பீப்பாவ ஏன் முன்னாடி வைக்கிறீங்கன்னு வெளிநாட்டுப் புள்ளைங்க கேக்குறாங்க.”

வடிவேல் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். “தலைவர் வீடுன்னு சொல்லு புள்ள.”

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அது ஒரு காரணமா என்றாள் அகின்யி. காரணம் தராத எதையும் கணினி முன்னால் விடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பூரணி இதையும் தமிழாக்கினாள், பீலியடி முழுவதற்கும் கேட்கும்படி.

முதலில் சிரித்தது காளியாயிதான். “தலைவரே, வீட்டுல புள்ள பொறந்திருக்கா? எழவு விழுந்திருக்கா? ரெண்டும் இல்லன்னா பின்னாடி போங்க சாமி.”

பெண்கள் தலைத்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். மூன்று நாட்டுப் பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வடிவேலுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோணலாக வந்தது. “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்,” என்று பீப்பாவைக் கடைசிக்கு உருட்டினார்.

மறுநாள் அதை முன்னால் கொண்டுவந்தபோது, பிள்ளை பிறந்ததா என்று அத்தனை பேரும் அக்கறையாக விசாரித்தார்கள். அதற்கடுத்த நாளும் விசாரித்தார்கள். அதன்பின் பீப்பா தானாகவே பின்னால் நின்றது.

ஹெலனின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. கையேட்டில் உள்ள உதாரணத்தைப் பயன்படுத்தவில்லை என்று ஒரு வரி குறை. மற்றபடி வேலை நிரந்தரம். பின்னணியைப் படத்தால் மறைக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். பூரணி புத்தக அலுமாரிப் படத்தை அழித்துவிட்டு, தகரப் பெட்டியை வெளியே இழுத்தாள்.

தை மாதம் வடிவேலின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்று பீலியடியில் காளியாயியே நீலப் பீப்பாவை முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள். வடிவேல் பக்கத்தில் கைகட்டி நின்றார். கைப்பேசியோடு வந்த பூரணியைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

“டீச்சர், அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லிடு. இப்ப காரணம் இருக்கு.”