சட்டைப் பையில் கிடந்த இரத்தம்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் மனைவி வீட்டார் அதற்காக எனக்கு ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவன், அதுவும் கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்புகளுக்குக் காவல் இருக்கும் வகை. ஆனாலும் திருநாள் விருந்துக்கு நான் போகும்போது ஊசியும் குழாய்களும் என் பையில் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. பந்திக்கு முன் எல்லாரும் கையை நீட்டுவார்கள். ஒருவருக்குச் சீனி, ஒருவருக்குக் கொழுப்பு. குருவானவர் ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டு முன்னே போவார். நான் இரத்தம் எடுத்துக்கொண்டு பின்னே போவேன்.

மனைவியின் தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். தெருமுனைச் சிற்றாலயத்துப் புனிதரின் சொரூபத்தைப் பவனியில் தூக்கும்போது முன்பக்கத்து வலது தண்டு அவனுடைய தோளில்தான் இருக்கும். தகப்பனிடமிருந்து வந்த இடம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், திருநாளன்று காலை, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காய்ச்சலும் இருந்தது. அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். பவனி முடியட்டும் என்றான் இவன். கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: அத்தான் இரத்தம் பார்த்துச் சொல்லட்டும்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன் எடுத்தேன். உடனே ஒரு முச்சக்கர வண்டி பிடித்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஆய்வுகூடம். ஆனால் அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. குழாயைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு மஞ்சள் சோற்றுக்கு உட்கார்ந்தேன். பிறகு சாராயம். பிறகு பவனி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டைத் தூக்கினான். நான் வெயிலில் நின்று கைதட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்து குழாயைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனபோது என் மனைவி மறித்தாள். தம்பியின் இரத்தமாக இருந்தாலும் தயிருக்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டாளாம். ஆகவே அது ஆணியில் தொங்கிய சட்டையிலேயே விடியும்வரை கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகும் வெள்ளையணுக்கள் அற்பாயுள் கொண்டவை. இரத்தத்தில் அவற்றுக்கு ஒரு நாள் வாழ்வு என்றாலே அதிகம். உடம்பில் எங்காவது அழற்சி கிளம்பினால், அங்கிருந்து வரும் இரசாயனச் செய்திகள் அவற்றின் சாவை ஒத்திப்போடும். இன்னும் கொஞ்சம் இரு, வேலை இருக்கிறது என்கிற மாதிரி. வேலை முடிந்ததும் அவை தாமாகச் சுருங்கிச் சாக வேண்டும். வேறு அணுக்கள் வந்து சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நேரத்துக்குச் சாகாமல் இழுத்தடித்தாலோ, வெடித்துச் செத்தாலோ, தங்கள் வயிற்றிலுள்ள நஞ்சைக் கொட்டி நல்ல சதையையும் எரித்துவிடும். போகவேண்டிய நேரத்தில் போவதுதான் அவற்றின் ஒழுக்கம். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

சட்டைப் பையில் கிடந்த அணுக்களுக்கு அந்தச் செய்தி எதுவும் வரவில்லை. சூட்டில் கிடந்து செத்துக்கொண்டிருந்தன. மறுநாள் காலை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். உயிருள்ள அணுவின் கரு மூன்று நான்கு துண்டுகளாக, மெல்லிய நூலால் கோத்ததுபோல் இருக்கும். இங்கே நூலைக் காணவில்லை. உருண்டு கறுத்த மிளகுகள் மட்டும். பல அணுக்கள் உடைந்து கறையாகக் கிடந்தன. எண்ண முடிந்ததை எண்ணினேன். கணக்கு சாதாரண அளவுக்குள் வந்தது. வராமல் என்ன செய்யும்? எண்ணப்பட வேண்டியவை பாதி செத்திருந்தன.

அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் நடந்த தவறு என்று இதுவரை என் மனதுக்குள் நானே பலமுறை வாதாடியிருக்கிறேன், அது பொய். புதிய தொழில்நுட்பவியலாளர் எவராவது இப்படி ஒரு ஸ்லைட்டைக் கொண்டுவந்திருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஆட்டிறைச்சியைச் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுத்தேன்.

"ஒண்டுமில்லை. ரத்தம் சுத்தமா இருக்கு. வாய்வாத்தான் இருக்கும்."

"அத்தான் சொன்னா சரி," என்றான்.

ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தான். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தான். ஆனால் வயிற்றில் போட்ட தையல் வழியாகப் பிறகு குடல் பிதுங்கியது; இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றுவிட்டார்கள். வலது தண்டு எதிர்வீட்டுக்காரனுக்குப் போனது.

அவன் என்னைச் சந்தேகிக்கவேயில்லை. நான் பார்த்தபோது இரத்தம் சுத்தமாக இருந்தது, நோய் அதற்குப் பிறகு வந்தது, வரவிட்டது புனிதர். அவனுடைய நியாயம் அதுதான். இருபத்திரண்டு வருடம் அவரைச் சுமந்திருக்கிறான். தன் ஒரே வலியை அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த புனிதரின் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டி, அதன் முதுகில் நாட்காட்டியைத் தொங்கவிட்டான். பூசைக்குப் போவதையும் நிறுத்தினான். அவன் மனைவி அதற்காக அழுதபடியே இருந்து, போன வருடம் இறந்தும் போனாள். அழுகையை நிறுத்த எனக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு புனிதர் என் பழியைச் சுமக்கிறார், அதற்குத்தானே இருக்கிறார் என்று நினைத்துத் தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்க மறுத்து, வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்பியிருந்தான். அத்தான்தான் பார்க்க வேண்டுமாம். நான் ஓய்வுபெற்று எத்தனையோ வருடம். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, பழைய நம்பிக்கையோடு கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டிறைச்சி, சாராயம், ஆணியில் தொங்கிய சட்டை, செத்த அணுக்கள், தெரிந்தே சொன்ன பொய்.

அவன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"அவ அழுதாளே அத்தான். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

ஓம் என்றேன்.

"அப்ப அவரு மேல பிழை இல்ல," என்று சுவரில் நாட்காட்டி தொங்கிய பக்கம் பார்த்தான்.

"இல்லை."

"பன்னெண்டு வருஷமா செவர பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒரு வார்த்த காட்டிக் குடுக்கல்ல பாருங்க."

என்னையே கதிரையில் ஏறிப் படத்தைத் திருப்பச் சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் புனிதரின் முகம் வெளிச்சம் படாமல் புதிதுபோல் இருந்தது. இறங்கியதும் பக்கத்தில் இன்னொரு ஆணியைக் காட்டினான்.

"ஒங்க போட்டோ ஒண்ணு வேணும். பெருசா. சட்டம் போட்டு."

வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தேன். சிரிக்கச் சொன்னார்கள், முடியவில்லை. சட்டம் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காய்ச்சலைச் சுகமாக்கிக்கொண்டிருந்தான். போன ஞாயிறு மறுபடி போனபோது அவன் பூசைக்குப் போயிருந்தான். கூடத்தில் காத்திருந்தேன். என் முகம் சுவரைப் பார்த்திருந்தது. முதுகில் நாட்காட்டி. மூன்று நாளாக ஒருவரும் தாள் கிழிக்கவில்லை. எழுந்துபோய் மூன்றையும் நானே கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.